மட்டனா, பருப்பா? பட்டர்வொர்த் அக்காவுக்கு ஒரு பதில்

பட்டர்வொர்த்தில் சிறிய அளவில் கேட்டரிங் நடத்தும் ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: “என் மகள் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பூமி சூடாவதற்கு இறைச்சிதான் காரணம், மட்டனை நிறுத்திவிட்டுப் பருப்பு, தௌஹு (சோயாக்கட்டி) போடுங்கள் என்று தினமும் சொல்கிறாள். நாங்கள் மாட்டிறைச்சியே சமைப்பதில்லை. ஆடு இங்கே பக்கத்திலேயே வளர்கிறது, பருப்புதான் கனடாவிலிருந்து கப்பலில் வருகிறது. அப்படியிருக்கப் பருப்பு எப்படி மேலாகும்? பனீரும் சைவ மட்டன் பாக்கெட்டும் போட்டால் சரியாகிவிடுமா?”

அக்கா, மகள் சொல்வதும் சரி, நீங்கள் தயங்குவதும் நியாயம்தான். ஆனால் அவர் ஆடுமாடுகளின் அசைபோடும் வயிற்றைப் பற்றிப் பேசுகிறார், நீங்கள் கப்பலைப் பற்றிப் பேசுகிறீர்கள். இரண்டில் எது பெரியது என்று தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். நான் நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டிவிட்டு வந்து மாடு மேய்ப்பார், அம்மா ஆடு வைத்திருந்தார். பிறகு முப்பது வருடம் கால்நடை வேலைதான் பார்த்தேன். அதனால் ஆட்டின் மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எங்காவது தராசு சாய்ந்தால் நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.

முதலில் எண்களைப் பார்ப்போம். 2018-இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இருவர் ஒரு பெரிய கணக்கை வெளியிட்டார்கள். 119 நாடுகள், ஏறக்குறைய 38,700 பண்ணைகள், 40 வகை உணவு. காட்டை அழித்ததிலிருந்து கடைக்கு வந்து சேரும்வரை எல்லாவற்றையும் கூட்டி, பூமியைச் சூடேற்றும் எல்லா வாயுவையும் கரியமில வாயுவுக்குச் சமமாக மாற்றிச் சொன்னார்கள். 100 கிராம் புரதம் கிடைக்க, இறைச்சிக்கென்றே வளர்த்த மாடு சராசரியாக 50 கிலோ வாயுவுக்குப் பொறுப்பு. செம்மறியும் வெள்ளாடும் 20 கிலோ. பன்றி 7.6, கோழி 5.7, முட்டை 4.2. தௌஹு 2 கிலோ. கச்சான் (நிலக்கடலை) 1.2. பருப்பு வகைகள் ஒரு கிலோவுக்கும் கீழே, 0.8 அளவில்.

உங்கள் சமையலறைக் கணக்கில் இதைச் சொல்வது இன்னும் சுலபம், ஏனென்றால் காய்ந்த பருப்பிலும் பச்சை ஆட்டுக்கறியிலும் கிலோவுக்குக் கிலோ புரதம் ஏறக்குறைய ஒன்றுதான், நூற்றுக்கு இருபது இருபத்தைந்து. ஒரு கிலோ ஆட்டுக்கறிக்கு 40 கிலோ வாயு, ஒரு கிலோ பருப்புக்கு 2 கிலோவுக்கும் குறைவு. கறிக்கணக்கு எலும்பு நீக்கியது, எலும்போடு நிறுத்தால் சற்றுக் குறையும். அப்படியே குறைத்துக்கொண்டாலும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் ஆட்கள் உணவைச் சைவம், அசைவம் என்று பிரிக்கிறோம். வாயுக் கணக்கு அந்தக் கோட்டை மதிப்பதில்லை. பெரிய பள்ளம் இருப்பது கோழிக்கும் பருப்புக்கும் நடுவில் இல்லை. அது அசைபோடும் பிராணிக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது. மாடு, எருமை, ஆடு ஒரு பக்கம். கோழி, முட்டை, பருப்பு, தௌஹு எல்லாம் மறுபக்கம், முன்னே பின்னே நிற்கின்றன. ஆகவே “நாங்கள் மாடு சமைப்பதில்லை” என்பது பாதி நிம்மதிதான். ஆடு மாட்டைப் போல அவ்வளவு மோசம் இல்லை. ஆனால் அதே குடும்பம்.

ஏன் அப்படி? ஆட்டுக்கு நான்கு அறை வயிறு. முதல் அறை ஒரு பெரிய புளிக்கவைக்கும் பானை. நமக்குச் செரிக்காத புல்லையும் வைக்கோலையும் அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் உடைத்துக் கொடுக்கின்றன. அப்படி உடைக்கும்போது மிஞ்சும் ஹைட்ரஜனை ஆர்க்கியா என்ற வகை நுண்ணுயிர் எடுத்து மீத்தேன் ஆக்கிவிடுகிறது. அது ஏப்பமாக வெளியே வருகிறது. பின்பக்கம் வருகிறது என்று சிரிப்பார்கள், உண்மையில் பெரும்பகுதி வாய் வழியாகத்தான். நூறு வருடக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 27 மடங்கு சூடேற்றும். இருபது வருடக் கணக்கில் பார்த்தால் 80 மடங்கு. பன்றிக்கும் கோழிக்கும் இந்தப் பானை கிடையாது. அவ்வளவுதான் ரகசியம்.

பருப்பின் பக்கம் வேறொரு ரகசியம். உங்கள் அப்பா அம்மா தோட்டத்தில் இருந்திருந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்: செம்பனைக் கன்று நட்டதும் தரை முழுக்க ஒரு கொடியைப் படர விடுவார்கள். புயரேரியா என்று பெயர், அவரைக் குடும்பம். களையை அமுக்கும், மண்ணைப் பிடிக்கும், அதைவிட முக்கியமாக மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கும். அதன் வேர் முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகிறது. துவரை, மைசூர் பருப்பு, கடலை, உளுந்து, சோயா எல்லாம் இதே குடும்பம்தான். யூரியா மூட்டை அதிகம் தேவைப்படாது. யூரியா செய்யவும் எரிபொருள் எரிகிறது, போட்ட பிறகு மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவும் கிளம்புகிறது. கரியமில வாயுவைவிட அது ஏறக்குறைய 270 மடங்கு சூடேற்றும். ஆக, பருப்புச் செடி தன் உரத்தில் பெரும்பகுதியைத் தானே செய்துகொள்கிறது. ஆடு தன் தீவனத்தில் ஒரு பகுதியை ஏப்பமாக விட்டுவிடுகிறது.

சரி, உங்கள் கப்பலுக்கு வருவோம். இந்தக் கேள்வியைப் பலர் கேட்டுவிட்டார்கள், கேட்கவும் வேண்டியதுதான். மைசூர் பருப்பு கனடாவின் நடுப்பகுதியிலிருந்து ரயிலில் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து கப்பலில் வருகிறது. கடல் வழி 14,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கண்டெய்னர் கப்பல் ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 10 முதல் 20 கிராம் கரியமில வாயு விடும். பெருக்கிப் பாருங்கள்: ஒரு கிலோ பருப்புக்கு 200 கிராம் சொச்சம், மிஞ்சினால் 300 கிராம். 40 கிலோவுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். உலக உணவு முழுவதையும் எடுத்தால், வெளியாகும் வாயுவில் போக்குவரத்தின் பங்கு நூற்றுக்கு ஆறு அளவில்தான். விமானத்தில் வந்தால் மட்டும் கதை மாறும், ஒரு டன்னுக்குக் கப்பலைவிட ஐம்பது மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். பருப்பு விமானத்தில் வருவதில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து உறையவைக்காமல் குளிர்நிலையில் வரும் ஆட்டுக்கறியில் கொஞ்சம் அப்படி வருவதுண்டு.

“ஆடு பக்கத்திலேயே வளர்கிறது” என்பதையும் கொஞ்சம் திருத்த வேண்டும். மலேசியாவில் விற்கும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி இறக்குமதிதான், குறிப்பாக ஆஸ்திரேலிய உறைகறி. மாட்டிறைச்சியிலும் அப்படியே, இந்தியாவிலிருந்து வரும் எருமைக்கறி ஏராளம். உங்கள் விலைக்கு ஒத்துவரும் மட்டன் பெட்டியை ஒரு தரம் திருப்பிப் பாருங்கள், எந்த நாடு என்று போட்டிருக்கும். பருப்பும் கப்பல், பல நேரம் மட்டனும் கப்பல்.

இருந்தாலும் உண்மையிலேயே புக்கிட் மெர்தாஜாம் பக்கம் வளர்ந்த ஆட்டை வாங்குகிறீர்கள் என்றே வைப்போம். என் பாசம் இங்கேதான் வேலை செய்கிறது, அதனால் கணக்கைக் காட்டியே சொல்கிறேன். ஐநாவின் காலநிலைக் குழுவான ஐபிசிசி தரும் பொது அளவுப்படி ஒரு ஆடு வருடத்துக்கு 5 கிலோ மீத்தேன் விடும். 27-ஆல் பெருக்கினால் 135 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒன்றரை வருடத்தில் 200 கிலோ. அதில் 15 கிலோ கறி கிடைத்தால், ஏப்பம் மட்டும் கிலோவுக்கு 13 கிலோ. குட்டியாக இருக்கும்போது குறைவாகத்தான் விடும், ஆனால் அதைப் பெற்ற தாய் ஆட்டின் பங்கையும் சேர்க்க வேண்டும், சாணத்தையும் தீவனத்தையும் சேர்க்க வேண்டும். செம்பனைக்கு அடியில் முளைக்கும் புல்லையும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கையும் தின்று வளர்ந்த ஆடாக இருந்தால், உலக சராசரியான 40-க்கு நன்றாகவே கீழே இருக்க வாய்ப்பு உண்டு. அதற்கென்று காட்டை அழிக்கவில்லை, களைக்கொல்லி அடிக்கும் செலவும் குறைகிறது. இது நல்ல ஆடு. இருந்தும் பருப்பின் 2 கிலோவுக்குப் பக்கத்தில் அதனால் வர முடியாது. ஏப்பத்தை முழுக்க நிறுத்த வழி இல்லை.

பூர், நெமெசெக் கணக்கிலும் இதே பாடம்தான். பால் பண்ணையிலிருந்து வரும் மாட்டிறைச்சியில் ஆகக் குறைந்த தீங்கு செய்யும் பத்து சதவீதத்தைத் தனியே எடுத்தால்கூட, அது பட்டாணியைவிட 6 மடங்கு வாயு, 36 மடங்கு நிலம். மாமாக் எனும் தமிழ் முஸ்லிம் உணவுக் கடைகளில் போகும் இந்திய எருமைக்கறி இந்தப் பால் பண்ணை வகைக்கு நெருக்கமானது. எருமை பாலுக்காக வளர்கிறது, பாதிப் பாவம் பாலின் தலையில் எழுதப்படுகிறது. ஆகவே பிரேசில் காட்டை வெட்டி வளர்த்த மாடும், வைக்கோல் தின்ற எருமையும் ஒன்று என்று மகள் சொன்னால் அது தவறு. ஒரே பெயர் போட்ட இறைச்சிக்குள்ளேயே அத்தனை ஏற்றத்தாழ்வு இருக்கிறது.

நிலம் என்றதும் இன்னொன்று. 100 கிராம் புரதத்துக்கு ஆட்டுக்கறி சராசரியாக 185 சதுர மீட்டர் பிடிக்கிறது, பருப்பு 7 சொச்சம். பயங்கரமாகத் தெரியும். ஆனால் ஆஸ்திரேலியாவில் செம்மறி மேயும் வறண்ட நிலத்தில் பல இடங்களில் துவரை விதைத்தால் முளைக்காது. எல்லா நிலமும் ஒரே நிலம் இல்லை, எனவே இந்த எண்ணை வைத்து நான் சண்டை போட மாட்டேன். தண்ணீர் எண்ணை வைத்தும் மாட்டேன். ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,000 லிட்டர் என்று படம் போட்டு அனுப்புவார்கள். அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் புல்லில் விழுந்த மழை. அதே கணக்கில் முந்திரி, பாதாம் வகைகளுக்குக் கிலோவுக்கு 9,000 லிட்டர் வருகிறது, ஆட்டுக்கறிக்கு 8,700 அளவில். மழை கொட்டும் பினாங்கில் உட்கார்ந்துகொண்டு குர்மாவில் முந்திரி அரைப்பவரைத் தண்ணீர்க் குற்றவாளி என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மீத்தேன் கணக்கு மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறுவதில்லை.

மீத்தேன் காற்றில் பன்னிரண்டு வருடம் அளவில்தான் நிற்கும், மந்தை பெருகாமல் இருந்தால் புதிதாகச் சூடு கூடாது என்று இறைச்சித் தரப்பில் சொல்வார்கள். அது பொய் இல்லை. ஆனால் அதே காரணத்தால்தான், குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும். கார் புகை அப்படியில்லை, நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும்.

சோயாவைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் “தௌஹு சாப்பிட்டால் அமேசான் காடு அழியும்” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உலகத்தில் விளையும் சோயாவில் முக்கால் பங்குக்கு மேல் கால்நடைத் தீவனம். தௌஹு, தெம்பே, சோயாபால் என்று மனிதன் நேராகச் சாப்பிடுவது 7 சதவீதம் அளவில். மலேசியர் ஒருவர் வருடத்துக்கு ஏறக்குறைய 50 கிலோ கோழி சாப்பிடுகிறார், உலகத்தில் முன்வரிசை. அந்தக் கோழி தின்பது அர்ஜென்டினா, பிரேசில் பக்கமிருந்து வந்த சோளமும் சோயாப் புண்ணாக்கும். நாசி கண்டார் கடையில் பொரித்த கோழி வாங்குபவர் தௌஹு வாங்குபவரைவிட அதிகச் சோயா சாப்பிடுகிறார், கோழி வழியாக.

நம் நாட்டுக் காட்டுக்கு மட்டனைவிடப் பெரிய சங்கதி பொரிக்கும் எண்ணெய் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. மலேசியாவில் காடு போன இடத்தில் பெரும்பாலும் செம்பனைதான் வந்தது, மேய்ச்சல் நிலம் இல்லை. அதற்காகச் செம்பனையை விட்டுச் சூரியகாந்திக்கு மாறுங்கள் என்று சொல்லவில்லை, ஒரு ஏக்கரில் செம்பனை தரும் எண்ணெயை வேறெந்தப் பயிரும் தராது. வடைச் சட்டியில் எண்ணெயை எவ்வளவு ஊற்றுகிறோம் என்று பார்த்தால் போதும்.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருகிறேன். 500 பேர் கல்யாணம், தலைக்கு 100 கிராம் மட்டன் பெரட்டல் என்றால் 50 கிலோ கறி. 40-ஆல் பெருக்கினால் 2 டன் வாயு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வரும். ஆக, அந்த ஒரு அண்டா மட்டன் 870 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம், மைவி காருக்கு 24 தடவை டாங்கி நிரப்புவது போல. அதே 50 கிலோ கோழியாக இருந்தால் அரை டன். பருப்பாக இருந்தால் 90 கிலோ.

ஆனால் நம் கல்யாணத்தில் மட்டன் இல்லை என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாமன் ஒருவர் கை கழுவாமலே எழுந்து போவார். அதனால்தான் நான் தால்ச்சாவைச் சொல்கிறேன். நம் தமிழ் முஸ்லிம் வீடுகளில் நெய்ச்சோற்றுக்கு ஊற்றும் தால்ச்சாவைப் பாருங்கள்: அண்டா நிறையப் பருப்பு, கத்திரிக்காய், உருளை, அதில் கொஞ்சம் ஆட்டெலும்பும் கறியும். சாப்பிடுபவருக்கு வாசனை முழுக்க மட்டன். 500 பேருக்கு 10 கிலோ கறி, 25 கிலோ பருப்பு என்று போட்டால் வாயு 450 கிலோவுக்குள் அடங்குகிறது. முன்பு இருந்ததில் கால் பங்குகூட இல்லை. புரதம் ஐந்தில் ஒரு பங்கு குறையலாம். பக்கத்தில் ஒரு முட்டை வைத்தால் அதுவும் ஈடாகும், உங்கள் கறிச் செலவும் நன்றாக இறங்கும். தாத்தா காலத்துச் சமையல்காரர்கள் காசில்லாமல் கண்டுபிடித்த வழி இது. மகளுக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன், அவர் கேட்பது நிறுத்துவதாக இருந்தாலும்.

சோறு இலையில் இருக்கும்வரை பருப்பின் புரதம் குறைந்தது என்று பயப்படவும் வேண்டாம். பருப்பில் குறையும் அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது, அரிசியில் குறைவது பருப்பில் இருக்கிறது. பி12 மட்டும் செடியில் கிடையாது, முழுச் சைவக்காரர்கள் அதைத் தனியே கவனிக்க வேண்டும். சொல்லப்போனால் அந்த இலையில் பருப்பைவிட அதிக வாயுவுக்குக் காரணம் சோறுதான். தண்ணீர் கட்டிய வயலிலும் மீத்தேன் வரும், ஒரு கிலோ அரிசிக்கு 4 கிலோ சொச்சம். சோறு மிஞ்சி, அண்டாவோடு குப்பைக்குப் போனால் அது புலாவ் பூரோங் குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகி இன்னொரு முறை மீத்தேன் விடும். 500 பேருக்குச் சொல்லிவிட்டு 350 பேர் வரும் நம் வழக்கத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. வரவு உறுதி கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

கடைசியாகப் பனீர். இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரலாம். ஒரு கிலோ பனீருக்கு ஐந்து ஆறு லிட்டர் பால் வேண்டும். ஒரு லிட்டர் பாலுக்கு உலக சராசரி 3 கிலோ வாயு. கிலோவுக்கு 15, 18 கிலோ என்று வருகிறது, கோழிக்கு 10 தான். புரட்டாசியில் மட்டனை விட்டுவிட்டு ஒரு மாதம் முழுக்கப் பனீர் பட்டர் மசாலா, நெய், பால்கோவா என்று போனால் விரதம் நிறைவேறும், வாயு நினைத்த அளவுக்குக் குறையாது. பாலும் அதே அசைபோடும் வயிற்றிலிருந்துதான் வருகிறது. பனீர் போடும் இடத்தில் கெட்டித் தௌஹுவைப் போட்டு அதே மசாலாவில் புரட்டுங்கள். கேட்டரிங்கில் அரைவாசிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது, நான் என் வீட்டிலேயே ஏமாந்திருக்கிறேன்.

சைவ மட்டன் பாக்கெட்டும் பரவாயில்லை. சீனர்களின் சைவ உணவகங்களிலிருந்து நமக்கு வந்த பழக்கம் அது. சோயாவும் கோதுமைப் புரதமும்தான் முக்கியச் சரக்கு. ஆலையில் அரைத்துப் பிரித்து உறையவைக்க மின்சாரம் செலவாகும், அதனால் பருப்பைவிடக் கூடும், ஆட்டைவிட வெகுவாகக் குறையும். உப்பு அதிகம், விலையும் அதிகம். எனக்கு அதைவிடத் தெம்பேதான் பிடிக்கும். சோயாவை வேகவைத்து, ரைசோபஸ் பூஞ்சை கலந்து ஒன்றிரண்டு நாள் மூடிவைத்தால் முடிந்தது வேலை. நூறு கிராமில் 19, 20 கிராம் புரதம், கறிக்குச் சமம். மெலிதாக நறுக்கி, மொறுமொறுவென்று பொரித்து, கச்சானும் காய்ந்த மிளகாயும் போட்டுச் சம்பாலில் புரட்டி ஒரு கல்யாணத்தில் ஓரமாக வைத்துப் பாருங்கள். பாக்கெட்டில் வாங்காதீர்கள். காலையில் பாசாருக்கு (சந்தைக்கு) எட்டு மணிக்குள் போனால் இலையில் சுற்றியது கிடைக்கும், தொட்டால் இன்னும் சூடாக இருக்கும்.